ஆதார், செல்ஃபி, பாஸ்போர்ட்: இணைய நிறுவனங்கள் கேட்டால் எதைக் கொடுப்பது, எதை மறைப்பது?

மருதம்84

வணக்கம். ஒரே வாரத்தில் நான்கு இடங்களில் அடையாளச் சான்று கேட்கிறார்கள். நிறுவனங்களின் பெயர் வேண்டாம், கேட்கும் முறையை மட்டும் சொல்கிறேன்.

பழைய பொருள் விற்கும் ஒரு தளம் ஆதாரின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கேட்கிறது. அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி ஒரு செல்ஃபியும் வேண்டுமாம். ஒரு மியூச்சுவல் ஃபண்ட் செயலிக்குப் பான், ஆதார், வீடியோ மூன்றும் வேண்டும். ஒரு வெளிநாட்டு ஃப்ரீலான்ஸ் தளம் பாஸ்போர்ட்டின் படத்தைக் கேட்கிறது. வாடகை வீட்டுத் தரகர் ஒருவரோ, வீட்டைக் காட்டும் முன்பே "வாட்ஸ்அப்ல ஆதார் அனுப்புங்க" என்கிறார்.

தெரிய வேண்டியவை இவை. இதில் யாருக்குக் கேட்கும் உரிமை உண்டு? கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் படத்தை எப்படித் தயார் செய்வது? எண்ணைக் கறுப்படித்தால் போதுமா? ஏற்கெனவே கண்ட இடத்தில் கொடுத்துத் தொலைத்தவர்கள் இப்போது என்ன செய்யலாம்? "பார்த்துக் கொடுங்கள்" என்ற பொது அறிவுரை நிறையக் கிடைத்துவிட்டது. எந்தப் பொத்தான், எந்தப் பிரிவு என்று சொல்பவர்கள் இருந்தால் உதவியாக இருக்கும்.

வரப்பு

நான்கையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் முதலில் பார்க்க வேண்டியது, கேட்கச் சொன்னது சட்டமா, அந்த நிறுவனத்தின் சொந்த வசதியா என்பதைத்தான்.

மியூச்சுவல் ஃபண்டுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-ன்படி வங்கி, பங்குத் தரகர், ஃபண்டு, காப்பீடு என எல்லோரும் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு வைத்தாக வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து கிரிப்டோ பரிமாற்றகங்களும் இந்த வரிசையில் உண்டு. கணக்கை மூடிய பிறகும் 5 ஆண்டு அந்தப் பதிவைக் காக்க வேண்டும். அதனால் அங்கே போய் "என் பானை அழித்துவிடுங்கள்" என்று எழுதினால் அவர்கள் மறுப்பது முறைதான். ஆனால் ஆவணத்தை மறுபடி மறுபடி கொடுக்கத் தேவையில்லை. கேஆர்ஏ எனப்படும் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) பதிவு முகமைகளின் தளத்தில் பான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நிலை 'வேலிடேட்டட்' என்றிருந்தால் புதிய செயலி அங்கிருந்தே உங்கள் விவரத்தை எடுத்துக்கொள்ளலாம். 'ரெஜிஸ்டர்டு' என்றோ 'ஆன் ஹோல்டு' என்றோ இருந்தால்தான் மறுபடி கேட்பார்கள். பல செயலிகள் இதைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அப்லோடு செய்யச் சொல்கின்றன. உதவி மையத்தில் கேஆர்ஏ நிலையைச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய பொருள் தளத்துக்கு அப்படிப்பட்ட சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. தொழிலாக விற்பவர் என்றால் வேறு கதை. சந்தைத் தளங்கள் விற்பனையாளரின் விவரத்தை வைத்திருக்க வேண்டும் என்று 2020-ன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. விற்ற தொகையில் வரிப் பிடித்தம் இருப்பதால் பான் எண் கேட்பதும் நியாயம். வீட்டில் கிடக்கும் சைக்கிளை விற்பவருக்கு இது எதுவும் பொருந்தாது.

ஆதாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் சரிபார்ப்பு நடத்த இடம் தந்த, ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று செல்லாது என்றது. 2019 திருத்தம் வங்கிக்கும் தொலைபேசிக்கும் விருப்பத்தின் பேரில் வழி திறந்தது. 2025 ஜனவரியில் வந்த திருத்த விதிகள், மற்ற தனியாரும் அமைச்சகத்தின் வழியாக விண்ணப்பித்து அனுமதி பெறலாம் என்றன. அப்படி அனுமதி பெற்ற நிறுவனம் அட்டையின் படத்தைக் கேட்கத் தேவையில்லை; ஓடிபி அல்லது முகச் சரிபார்ப்பு வழியாக ஆதார் ஆணையத்தின் கணினியையே கேட்டுக்கொள்ளும். படத்தை வாங்கி வைப்பது சரிபார்ப்பே அல்ல. அது இணைய ஜெராக்ஸ்.

அனுமதி இல்லாதவர்கள் ஆணையத்தின் கணினியைக் கேட்காமல் 'ஆஃப்லைன்' முறையில் சரிபார்க்கலாம். அதற்கு 2019-ல் சேர்த்த 8ஏ பிரிவு கடிவாளம் போடுகிறது: உங்கள் ஒப்புதல் வேண்டும், தகவல் எதற்கு என்று சொல்ல வேண்டும், ஆதாருக்கு மாற்றாக எதைத் தரலாம் என்றும் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ பயன்படுத்தவோ சேமிக்கவோ கூடாது. ஆகவே முதல் 8 எண்ணை மறைத்துக் கொடுப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. மறைக்காமல் கேட்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கட்டாயம் வேண்டுமென்றால் அதற்கென்று விதி இயற்ற வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு ஆதார் ஓடிபி சரிபார்ப்பைத் தமிழ்நாடு 2025-ல் தனி விதியாகவே கொண்டுவந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை அந்த ஆண்டு ஜூன் 3 அன்று ஏற்றது. பிறகு மத்திய சட்டம் அந்த விளையாட்டுகளையே தடைசெய்துவிட்டது, அது வேறு. சொல்ல வந்தது, அரசே விதி போட்டுத்தான் கேட்க முடிந்தது என்பதை.

தரகருக்கு எதுவும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் எழுதும் நாளில் வீட்டு உரிமையாளரிடம் நேரில் காட்டினால் போதும்.

பூட்டுச்சாவி

வரப்பு சட்டத்தைச் சொல்லிவிட்டார். படத்தைத் தயார் செய்வது பற்றி நான் எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்.

அட்டையைப் படமெடுத்து நீங்களே கறுப்படிக்காதீர்கள். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து, 'ஆதார் பதிவிறக்கம்' பக்கத்தில் 'மாஸ்க்டு ஆதார்' கட்டத்தை டிக் செய்து இறக்குங்கள். முதல் 8 எண் மறைந்து கடைசி 4 மட்டும் இருக்கும். பிடிஎஃப் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. நம் ஊரில் இனிஷியல் முன்னால் வருவதால் பலர் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஆதாரில் 'பி. குமார்' என்று இருந்தால் பி என்ற எழுத்து, புள்ளி, அடுத்து கே, யு. புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கு. பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்த எவராலும் இந்தக் கோப்பைத் திறக்க முடியும். கடவுச்சொல் போட்டுத்தானே அனுப்பினோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

எண் மறைந்தாலும் பக்கத்தில் கியூஆர் சதுரம் இருக்கிறது. அதில் பெயர், பிறந்த தேதி, முழு முகவரி, புகைப்படம் எல்லாம் உண்டு. இப்போதைய கியூஆரில் எண்ணின் கடைசி 4 மட்டுமே இருக்கும். 2018-க்கு முன் அச்சான பழைய அட்டைகளின் கியூஆரிலோ 12 எண்ணும் அப்படியே இருக்கின்றன. மேலே எண்ணைக் கறுப்படித்துவிட்டுக் கீழே அந்தப் பழைய கியூஆரை விட்டுவைத்தால் மறைத்ததற்குப் பொருளே இல்லை. முகவரி தேவையில்லாத இடத்தில் கியூஆரையும் மூடுங்கள். அட்டையில் ஆதார் எண்ணுக்கு மாற்றான, 16 எண் கொண்ட விஐடி அச்சாகியிருந்தால் அதையும் மூடுங்கள்.

கறுப்படித்தே ஆக வேண்டுமென்றால் கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

ஒன்றிரண்டு எண்ணை மட்டும் மறைப்பது வீண். ஆதாரின் 12-ஆவது எண், முதல் 11-ஐ வைத்து வெர்ஹோஃப் முறையில் கணக்கிட்ட சோதனை எண். ஓர் எண்ணை மட்டும் மறைத்தால் மீதி 11-ஐக் கொண்டு அதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டை மறைத்தால் 10 வாய்ப்புகளே மிஞ்சும். எட்டையும் மறையுங்கள்.

கைபேசியின் மார்க்கர் பேனா பல செயலிகளில் முழுக் கறுப்பு இல்லை. ஒளி ஊடுருவும் மை. பார்வைக்கு எண் தெரியாது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் தெரிந்துவிடும். நிரப்பிய கறுப்புக் கட்டத்தையே போடுங்கள். பிடிஎஃப் மேல் கட்டம் வரைந்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், இழுத்துத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வந்துவிடும். அதைப் படமாக மாற்றி, அந்தப் படத்தை அனுப்புங்கள். வெட்டிய படத்திலும் வெட்டப்பட்ட பகுதி கோப்புக்குள் தங்கிவிடும் ஒரு பிழை 2023 மார்ச்சில் வெளிவந்தது. பிக்சல் கைபேசிகளின் திருத்தும் செயலியிலும் விண்டோஸின் ஸ்னிப்பிங் கருவியிலும் இருந்தது. அதைச் சரிசெய்துவிட்டார்கள் என்றாலும், அதற்கு முன் வெட்டி அனுப்பிய பழைய படங்கள் அப்படியேதான் இருக்கின்றன. திருத்திய படத்தைத் திரையில் திறந்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் தீரும். கேமரா படத்தோடு ஒட்டிவரும் இருப்பிடக் குறிப்பும் அதில் வராது.

படத்தின் மேல் எழுதுங்கள்: யாருக்கு, எதற்கு, என்றைக்கு. "இன்ன தளத்தின் விற்பனையாளர் சரிபார்ப்புக்கு மட்டும்" என்று தேதியோடு, முகத்தின் ஓரத்தையும் பெயரையும் தொட்டுக் குறுக்காக. ஓரத்து வெள்ளைப் பகுதியில் எழுதினால் ஒரே வெட்டில் போய்விடும்.

அட்டையைக் கையில் பிடித்த செல்ஃபிதான் இருப்பதிலேயே மோசமான கோரிக்கை. முகம், அட்டை இரண்டும் ஒரே படத்தில் இருப்பதால் திருடியவர் அதை வேறு தளத்தில் அப்படியே போட்டுக் கணக்குத் திறக்கலாம். தவிர்க்கவே முடியாதென்றால், மாஸ்க்டு ஆதாரின் அச்சையும், தளத்தின் பெயரும் தேதியும் பெரிதாக எழுதிய தாளையும் சேர்த்துப் பிடித்து எடுங்கள். செயலிக்குள்ளேயே கண் சிமிட்டச் சொல்லி எடுக்கும் நேரடிச் சரிபார்ப்பு இருந்தால் அது இதைவிட மேல்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, படமே இல்லாமல் கையொப்பமிட்ட கோப்பு. மைஆதார் தளத்தில் 'ஆஃப்லைன் ஈகேஒய்சி' எடுத்தால் எக்ஸ்எம்எல் கோப்பு அடங்கிய ஒரு ஜிப் கோப்பு வரும், நீங்கள் வைக்கும் 4 எண் பகிர்வுக் குறியீட்டால் பூட்டியது. உள்ளே ஆதார் எண் கிடையாது. கடைசி 4 எண்ணும் நேரமும் சேர்ந்த குறிப்பு எண், பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் இருக்கும். ஆணையத்தின் மின்கையொப்பம் இருப்பதால் போலி செய்ய முடியாது. வீடியோ கேஒய்சிக்கு இதைக் கொடுத்தால் 3 வேலை நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முந்தைய மாதம் எடுத்த கோப்பைக் கொடுத்துவிட்டு "ஏற்கவில்லை" என்று தவிப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் சிக்குகிறார்கள். 2025 நவம்பரில் வந்த புதிய ஆதார் செயலியில் எந்தத் தகவலைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்துப் பகிரும் வசதியும் உண்டு. ஆனால் எதிரில் இருப்பவர் அதை வாங்கத் தயாராக இருக்க வேண்டுமே.

அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாகக் கேட்டால் ஒப்புதல் பக்கத்தை அவசரத்தில் தட்டிவிடாதீர்கள். எந்தெந்த ஆவணம், எதற்காக, எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். தேவையில்லாத ஆவணத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

தாமிரபரணி_நீர்

பூட்டுச்சாவி சொன்னதில் ஒரு திருத்தம், ஒரு சேர்க்கை.

படத்தின் மேல் குறுக்கே எழுதினால் பல தளங்களின் தானியங்கிச் சோதனை தள்ளிவிடும். எழுத்தைப் படிக்கும் நிரல் பெயரும் தேதியும் கிடைக்காமல் குழம்பும். எழுத்தை 30 விழுக்காடு அளவுக்கு மங்கலாக வைத்து, பெயர், பிறந்த தேதி வரிகளின் மேல் படாமல் புகைப்படத்தின் கீழ்ப்பகுதியையும் வெற்றிடத்தையும் கடக்கும்படி போடுங்கள். அப்படியும் தள்ளினால் மனிதர் பார்க்கும் சரிபார்ப்பு வேண்டும் என்று உதவி மையத்தில் கேளுங்கள். குறி இல்லாத படத்தை அனுப்புவது கடைசி வழியாக இருக்கட்டும்.

நிராகரிப்புக்குப் பெரிய காரணம் நம் பெயர்தான். ஆதாரில் 'குமார் எஸ்' இருக்கும். பான் வாங்கும்போது இனிஷியலை விரித்தாக வேண்டும் என்பதால் அதில் அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொள்ளும். பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். நமக்கு மூன்றும் ஒருவர். நிரலுக்கு மூன்று பேர். தள்ளும் ஒவ்வொரு முறையும் நாம் வேறோர் ஆவணத்தை ஏற்றுகிறோம். கடைசியில் ஒரே நிறுவனத்திடம் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், வங்கிப் புத்தகம் எல்லாமே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. கணக்குத் தொடங்கும் முன்பே, எந்த ஆவணத்தைக் கொடுக்கப்போகிறீர்களோ அதில் உள்ள எழுத்துக்கூட்டலையே பெயர்க் கட்டத்தில் தட்டுங்கள். தள்ளினால் இன்னொன்றை ஏற்றாமல் காரணம் கேளுங்கள். லேமினேஷன் பளபளப்பு, மூலை வெட்டுப்பட்டது, திரையைப் படமெடுத்தது என்று சின்னக் காரணமாகவும் இருக்கும்.

மருதம்84

எல்லோருக்கும் நன்றி. பழைய பொருள் தளத்தில் எக்ஸ்எம்எல் கோப்பை ஏற்றும் இடமே இல்லை, படம் மட்டும்தான். பட்டியலில் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பான் மூன்றும் உண்டு. இதில் எது குறைந்த ஆபத்து? விஐடி எண் கொடுக்கலாமா? வெளிநாட்டுத் தளத்துக்கு யாராவது பதில் சொன்னால் நல்லது.

பூட்டுச்சாவி

விஐடி இங்கே உதவாது. ஓடிபி அல்லது கைரேகை வழியாக நேரடிச் சரிபார்ப்பு நடக்கும் இடத்தில் ஆதார் எண்ணுக்குப் பதிலாகத் தருவது அது. அங்கே மிக நல்லது. பதிவான கைபேசியிலிருந்து ஜி, வி, ஐ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் இடைவெளியும் ஆதாரின் கடைசி 4 எண்ணும் சேர்த்து 1947-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் வந்துவிடும். புதிதாக ஒன்று எடுத்தால் பழையது செத்துவிடும். படம் கேட்கும் தளத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

மூன்றில் பானைக் கொடுக்காதீர்கள். அதில் முகவரி இல்லை என்பது பார்வைக்குப் பாதுகாப்பு. ஆனால் கடன் விசாரணை, வரி, ஜிஎஸ்டி எல்லாமே பான் எண்ணில்தான் தொங்குகின்றன. வாக்காளர் அட்டையின் எண்ணைத் தேர்தல் ஆணையத் தளத்தில் போட்டால் உறவினர் பெயர், பாகம், வாக்குச்சாவடி வரை வரும். ஓட்டுநர் உரிமத்தின் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தால் பரிவாகன் தளத்தில் விவரம் பார்க்கலாம். ஆனாலும் அதை வைத்துக் கடனோ சிம்மோ வாங்குவது மற்ற இரண்டைவிடக் கடினம். என் தேர்வு ஓட்டுநர் உரிமம்: முகவரியையும் பிறந்த தேதியில் நாள், மாதத்தையும் மறைத்து, ஆண்டை மட்டும் விட்டு, குறுக்கே எழுதி. அதையும் ஏற்கவில்லை என்றால் அந்த 'சரிபார்க்கப்பட்டவர்' முத்திரை இல்லாமலே விற்கலாம். ஒரு சைக்கிளுக்கு அந்த முத்திரை அவ்வளவு பெறாது.

கடல்தாண்டி

வெளிநாட்டுத் தளம் பற்றி.

நம் பாஸ்போர்ட்டின் முன் பக்கத்தில் முகவரி கிடையாது; முகவரியும் பெற்றோர் பெயரும் கடைசிப் பக்கத்தில். 'அடையாளம்' என்று கேட்டால் முன் பக்கம் மட்டும். முகவரிச் சான்று தனியாகக் கேட்டால்தான் கடைசிப் பக்கம், அதற்கும் வங்கிக் கணக்கு அறிக்கை போதுமா என்று கேட்டுப் பாருங்கள். முன் பக்கத்தின் அடியில் 44 எழுத்து கொண்ட இரண்டு வரிகள் உண்டு. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி எல்லாம் அதில் மறுபடி வருகின்றன. மேலே எண்ணை மறைத்துக் கீழே அந்த வரிகளை விட்டவர்கள் எண்ணற்றவர்கள். ஆனால் தானியங்கிச் சோதனை படிப்பதே அந்த வரிகளைத்தான், மூடினால் தள்ளிவிடும். பாஸ்போர்ட்டில் மறைக்க வழி குறைவு. கொடுப்பதா வேண்டாமா என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டிய ஆவணம் அது.

படம் அந்தத் தளத்திடம் மட்டும் போவதில்லை. பெரும்பாலும் சரிபார்ப்பை வேறொரு நிறுவனம் செய்யும், மேல்முறையீடுகளை வாடிக்கையாளர் சேவைக்கு அமர்த்திய இன்னொரு நிறுவனம் பார்க்கும். கசிவும் அங்கேதான் நடக்கிறது. 2025 அக்டோபரில் டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளம் அறிவித்த கசிவில் சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்றார்கள். வயதுச் சரிபார்ப்பு தொடர்பான முறையீடுகளோடு வந்த படங்கள் அவை, வெளி ஒப்பந்த நிறுவனத்தின் வழியாகப் போயின. அதே ஆண்டு ஜூலையில் டீ என்ற செயலியிலிருந்து சுமார் 72,000 படங்கள் கசிந்தன. அவற்றில் ஏறத்தாழ 13,000 சரிபார்ப்புக்காகக் கொடுத்த செல்ஃபிகளும் அட்டைகளும். அதே ஆண்டு மே மாதம் காயின்பேஸ் என்ற கிரிப்டோ பரிமாற்றகம், வெளிநாட்டுச் சேவை ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்து வாடிக்கையாளர் விவரங்களை எடுத்தார்கள் என்று சொன்னது. அதில் அடையாள அட்டைப் படங்களும் உண்டு. எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, பார்க்க உரிமை உள்ளவரையே விலைக்கு வாங்கினார்கள்.

அதனால் அப்லோடு செய்யும் முன் தனியுரிமைக் கொள்கையில் இரண்டைத் தேடுங்கள்: சரிபார்ப்பை நடத்தும் நிறுவனம் எது, முடிந்தபின் படத்தை எத்தனை நாள் வைப்பார்கள். நாள் கணக்கு எங்கேயும் இல்லை என்றால் நிரந்தரமாக வைப்பார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் முகவரியிலேயே ஏற்றுங்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பிலோ, கூகுள் ஃபார்மிலோ, சாட் பெட்டியிலோ வேண்டாம்.

நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைகொண்டது என்றால் அங்குள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும், நீங்கள் திருச்சியில் இருந்தாலும். என்ன வைத்திருக்கிறீர்கள் என்று 15-ஆம் பிரிவின் கீழும், அழியுங்கள் என்று 17-ஆம் பிரிவின் கீழும் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கேட்பவர் நீங்கள்தானா என்று உறுதிசெய்ய இன்னோர் அடையாள அட்டை கேட்டால், பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே எழுதுகிறேன், அது போதும் என்று பதில் போடுங்கள்.

அமெரிக்கத் தளம் என்றால் வரிக்காக டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள். அது நியாயமான கோரிக்கை. அதில் பான் எண்ணை எழுதினால் போதும். பான் அட்டையின் படம் அந்தப் படிவத்துக்குத் தேவையில்லை.

வரப்பு

ஏற்கெனவே கொடுத்தவர்கள் பற்றிய கேள்விக்கு யாரும் வரவில்லை, நானே எழுதுகிறேன்.

முதலில் சேதம் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். மைஆதார் தளத்தில் 'ஆதந்டிகேஷன் ஹிஸ்டரி' திறந்தால் கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதாரை யார் எப்போது சரிபார்த்தார்கள் என்று வரும், ஒரு தடவைக்கு 50 பதிவு வரை. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, தெரியாத எண்ணை 'என் எண் அல்ல' என்று குறியுங்கள். கடன் அறிக்கையைச் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கிலும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுக்கக் கண்காணிப்பு இருக்கும். அறிக்கையில் தவறு சொல்லி 30 நாளில் திருத்தவில்லை என்றால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. பலர் மறப்பது ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி தளத்தில் 'பான் மூலம் தேடு' என்ற இடத்தில் உங்கள் பானைப் போடுங்கள். தொழிலே செய்யாதவர் பெயரில் பதிவு காட்டினால் யாரோ போலி ரசீது போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருமானவரித் தளத்தின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரியாத வரவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கைரேகை, கருவிழி இரண்டையும் மைஆதார் தளத்திலேயே பூட்டிவையுங்கள். பூட்டியபின் ரேஷன் கடையில் விரல் வைத்தால் 330 என்ற பிழை வரும். கடைக்காரர் மேல் குற்றமில்லை. வரிசையில் நிற்கும்போதே தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம், சற்று நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். வீட்டில் முதியவர் பேரில் அட்டை இருந்தால் இதை முன்பே சொல்லிக்கொடுங்கள்.

அடுத்து, படத்தை வைத்திருப்பவருக்குக் கடிதம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் அழிக்கக் கேட்கும் உரிமை இருக்கிறது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை கையில் இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகள். அவற்றில் முகத்தின் அமைப்பை அளந்து சரிபார்ப்பதும் பயோமெட்ரிக் கணக்கில் வருகிறது, ஆகவே அது உணர்திறன் தகவல். எழுத்து மூலம் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "இன்ன தேதியில் கணக்குச் சரிபார்ப்புக்காக என் ஆதார் படத்தையும் முகப்படத்தையும் அளித்தேன். சரிபார்ப்பு முடிந்தது. இரண்டையும் வைத்திருக்க நான் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். நீங்களும், உங்களுக்காகச் சரிபார்த்த நிறுவனமும் அவற்றை நீக்கிவிட்டதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். சட்டப்படி வைத்தாக வேண்டும் என்றால் எந்தச் சட்டம், எத்தனை ஆண்டு என்று தெரிவியுங்கள்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வைத்திருக்கக் காரணம் இல்லாதவர்கள் அந்த இடத்தில் எதையும் எழுத முடியாது. ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் சேவையை நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு, அதற்குத் தயாராக எழுதுங்கள்.

பணமே போயிருந்தால் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு தூரம் அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவாமல் நிறுத்த வாய்ப்பு.

மருதம்84

பான் போட்டு ஜிஎஸ்டி தளத்தில் பார்த்தேன், எதுவும் இல்லை. தரகருக்கு ஆதார் அனுப்ப முடியாது, ஒப்பந்த நாளில் உரிமையாளரிடம் காட்டுகிறேன் என்று எழுதிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: முன்பு வேறொரு தரகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை 'எல்லோருக்கும் நீக்கு' செய்தால் அவர் கைபேசியிலிருந்தும் போய்விடுமா?

பூட்டுச்சாவி

அதை நம்ப முடியாது. நீக்கும் வசதிக்கு இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான கெடு உண்டு, அது தாண்டியிருந்தால் பொத்தானே வராது. கெடுவுக்குள் நீக்கினாலும் படம் ஏற்கெனவே அவருடைய கேலரியில் சேமிக்கப்பட்டிருந்தால் அங்கே தங்கிவிடலாம், அங்கிருந்து அவருடைய கூகுள் ஃபோட்டோஸ் காப்புக்கும் போயிருக்கலாம். அவரிடமே கேட்டு, கேலரியிலும் காப்பிலும் குப்பைத் தொட்டியிலும் நீக்கச் சொல்லுங்கள். அதோடு அனுப்பியது முழு எண் உள்ள படம் என்றால், வரப்பு சொன்ன பயோமெட்ரிக் பூட்டை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.